1200 திருவிழாப் படங்களை மொத்தமாகச் சிறிதாக்கி அனுப்புவது பற்றி

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். முல்லைத்தீவுப் பக்கத்தில் உங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில், இரண்டு கமராக்களாலும் கனடாவிலிருந்து வந்திருக்கும் உறவினர் ஒருவரின் ஐபோனாலும் எடுத்த ஏறத்தாழ 1200 படங்கள் உங்களிடம் இருக்கின்றன. அவற்றை ஊர் முகநூல் பக்கத்தில் ஏற்ற வேண்டும், வெளிநாட்டில் உள்ளவர்களுக்கு வட்ஸ்அப்பிலும் அனுப்ப வேண்டும். ஒவ்வொன்றாகத் திறந்து சிறிதாக்கி இரண்டு நாட்களில் 90 படங்களைத்தான் முடித்திருக்கிறீர்கள். சில படங்கள் பக்கவாட்டில் படுத்துக் கிடக்கின்றன, ஐபோன் படங்கள் உங்கள் மடிக்கணினியில் திறக்கவே இல்லை. எல்லாவற்றையும் ஒரே முறையில் சிறிதாக்க எந்த மென்பொருள் நல்லது, தரம் குறையாமல் செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மென்பொருளின் பெயரை ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் எவ்வளவுக்குச் சிறிதாக்கலாம், சிறிதாக்கும்போது படத்திலிருந்து எது போய்விடுகிறது என்ற இரண்டும் தெரியாமல் அந்த மென்பொருளை 1200 படங்களின்மேல் ஓடவிட்டால், ஒரு படத்தில் விடும் பிழை 1200 படங்களிலும் விழும். ஆகவே அவற்றிலிருந்து தொடங்குகிறேன்.

நான் கிளிநொச்சியில் ஸ்ரூடியோ வைத்திருப்பவன். 2003 இல் ஃபிலிம் கமராவுடன் தொடங்கி, கலியாணவீடு, பூப்புனித நீராட்டு விழா, பாடசாலை விளையாட்டுப் போட்டி, அந்தியேட்டிக் கல்வெட்டு என்று எல்லாவற்றுக்கும் படம் எடுத்தும் திருத்தியும் கொடுத்து வருகிறேன். கீழே சொல்பவற்றில், கோப்பு வகைகள் எப்படி வேலை செய்கின்றன என்பது நியமங்களில் எழுதப்பட்ட விடயம், அதில் ஐயத்துக்கு இடமில்லை. வட்ஸ்அப், முகநூல் ஆகியவற்றின் எல்லைகளோ அந்த நிறுவனங்கள் நினைத்தால் மாறக்கூடியவை. எந்த எண்ணை வைத்தால் கண்ணுக்குப் போதும் என்பது என் அனுபவத்தில் நான் எடுத்த முடிவு. வேறொரு படப்பிடிப்பாளர் வேறு எண் சொல்லலாம், அவர் சொல்வதும் பிழையாக இராது. நான் தொழில் செய்வது விண்டோஸ் கணினியில் என்பதால் அதை வைத்தே விளக்குகிறேன்.

கடைக்கு வருபவர்கள் எல்லோரும் "சைஸைக் குறைத்துத் தாருங்கள்" என்றுதான் கேட்பார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு வேறு விடயங்கள் இருக்கின்றன. ஒன்று, படம் அகலத்திலும் உயரத்திலும் எத்தனை பிக்சல் கொண்டது என்பது. உங்கள் கமரா 24 மெகாபிக்சல் என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் ஒரு படம் 6000 க்கு 4000 பிக்சல். மற்றது, அந்தப் படம் தட்டில் எத்தனை மெகாபைட் இடம் பிடிக்கிறது என்பது. முதலாவதை அளவு என்றும் இரண்டாவதை எடை என்றும் வைத்துக்கொள்வோம். அளவைக் குறைத்தால் எடையும் குறையும். ஆனால் அளவைத் தொடாமல், சுருக்கும் விகிதத்தை மட்டும் கூட்டியும் எடையைக் குறைக்கலாம், பலர் தெரியாமல் செய்வது இதைத்தான். 6000 பிக்சல் படத்தை அப்படியே வைத்துக்கொண்டு 500 கிலோபைட்டுக்கு நெருக்கினால் முகங்களில் கட்டம் கட்டமாகப் பூச்சு விழும். அதே 500 கிலோபைட்டுக்குள் 2048 பிக்சல் படம் ஒன்று துலக்கமாக அடங்கும். ஆகவே முதலில் அளவைக் குறையுங்கள், நெருக்குவதை அதன் பிறகு மிதமாகச் செய்யுங்கள். இந்த ஒழுங்கு மாறவே கூடாது. இன்னொன்றும் இருக்கிறது. சில மென்பொருட்கள் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்று 72 அல்லது 300 போன்ற ஓர் எண்ணைக் கேட்கும். அது கடதாசியில் அச்சிடும்போது மட்டும் பொருள்படும் எண். திரையில் பார்க்கும் படத்துக்கு அதனால் எந்த மாற்றமும் இல்லை, அதைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.

எவ்வளவுக்குக் குறைப்பது? முகநூலுக்கு நீள்பக்கம் 2048 பிக்சல் என்று வையுங்கள். அந்த நிறுவனம் தானே பரிந்துரைக்கும் அகலங்கள் 720, 960, 2048 என்பவை, அவற்றுள் பெரியது இது. வட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பும்போது அது நீள்பக்கத்தை ஏறத்தாழ 1600 பிக்சலுக்குத் தானாகவே குறைத்துவிடும். 2023 இல் வந்த எச்டி தெரிவில் அதைவிடப் பெரிதாகப் போகும். இரண்டு இடங்களுக்கும் இரண்டு தொகுதி செய்து மினக்கெட வேண்டியதில்லை, 2048 ஒன்றே காணும். 6000 க்கு 4000 என்பது 2 கோடியே 40 இலட்சம் பிக்சல், 2048 க்கு 1365 என்பது ஏறத்தாழ 28 இலட்சம். பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மிஞ்சுகிறது என்றாலும், முழு எச்டி திரை ஒன்றின் அகலமே 1920 பிக்சல் என்பதால் பார்ப்பவருக்குக் குறை தெரியாது. சிறிதாக்கும்போது அயலிலுள்ள பல பிக்சல்களைக் கலந்து ஒரு பிக்சல் உண்டாவதால், இரவுத் திருவிழாப் படங்களில் தெரியும் மணல்போன்ற பொரிவு ஓரளவு அடங்கி, படம் முன்னையதைவிடச் சுத்தமாகக்கூடத் தோன்றும்.

டேட்டாக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். ஒரு படம் 8 மெகாபைட் என்று கொண்டால் 1200 படங்கள் 9.6 கிகாபைட். ஏற்றும் வேகம் வினாடிக்கு 2 மெகாபிட் கிடைத்தால், அதுவும் இடையில் அறுபடாமல் கிடைத்தால், 10 மணித்தியாலம் 40 நிமிடம் செல்லும். ஊர்ப்புறத்தில் அந்த வேகமே எல்லா நேரமும் நிற்பதில்லை என்பது உங்களுக்கே தெரியும். சிறிதாக்கிய படம் ஒன்று சராசரியாக 600 கிலோபைட் வந்தால் மொத்தம் 720 மெகாபைட், அதே வேகத்தில் 48 நிமிடம். ஆளில்லாத வயலும் வெறும் வானமுமாக இருக்கும் படம் இதைவிடக் குறைந்த எடையில் வரும். கோபுரத்துச் சிற்பங்களும் சனக்கூட்டமும் நிறைந்த படம் கூடுதலாக வரும். ஆகவே எல்லாப் படமும் ஒரே எடையில் வரவில்லையே என்று பயப்பட வேண்டாம்.

அடுத்தது தர எண். ஜேபெக் என்பது 1992 இல் நியமமாக்கப்பட்ட முறை. அது படத்தை 8 க்கு 8 பிக்சல் கொண்ட சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்திலும் கண் இலகுவில் கவனிக்காத நுண்மாற்றங்களைக் கழித்து எழுதுகிறது. எவ்வளவு கழிப்பது என்பதைத்தான் 1 முதல் 100 வரையான அந்த எண் தீர்மானிக்கிறது. எண் சதவீதம் அல்ல, 80 என்றால் 80 வீதத் தரம் என்று பொருள் இல்லை. ஒரு மென்பொருளின் 80 உம் இன்னொன்றின் 80 உம் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற விதியும் இல்லை. பகிரும் படங்களுக்கு 82 முதல் 88 வரை நான் வைப்பேன். 100 இல் வைப்பதால் எடை பெரும்பாலும் இரட்டிப்பைத் தாண்டுமே தவிர, கண்ணுக்கு ஒன்றும் கூடுவதில்லை. 70 க்குக் கீழே போனால் மாலை வானத்தின் மெல்லிய நிறமாற்றம் படிப்படியான பட்டைகளாக உடையத் தொடங்கும்.

இதில் நம் படங்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. அதைச் சொல்லும் குறிப்புகள் அரிது என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். எடையைக் குறைப்பதற்காக ஜேபெக் வெளிச்ச விவரத்தை முழுமையாக வைத்துக்கொண்டு, நிற விவரத்தை மட்டும் அகலத்திலும் உயரத்திலும் பாதியாக்கிவிடும் வழக்கம் பரவலாக உண்டு. அதாவது அடுத்தடுத்துள்ள நான்கு பிக்சல்களுக்கு ஒரே நிறத்தகவல். பச்சை மரத்திலும் சாம்பல் தெருவிலும் இது தெரியாது. ஆனால் கடுஞ்சிவப்பில் தெரியும். அம்மனுக்குச் சாத்திய சிவப்புப் பட்டின் ஓரத்தில் பொன்னிறச் சரிகை ஓடும் இடத்தை 200 வீதத்துக்குப் பெருப்பித்துப் பாருங்கள். சரிகையின் நூல் கோடுகள் சிவப்புக்குள் கரைந்து, ஓரம் ஈரத்துணியில் சாயம் ஊறியதுபோலக் கலங்கியிருக்கும். நெற்றிக் குங்குமத்தின் விளிம்பிலும், சிவப்பு எழுத்தில் எழுதிய உபயகாரர் பெயர்ப் பலகையிலும் அப்படித்தான். உங்கள் மென்பொருளில் நிறக் குறைப்பை நிறுத்தும் தெரிவு இருந்தால், பட்டும் குங்குமமும் முதன்மையாக உள்ள படங்களுக்கு அதை நிறுத்திவிடுங்கள். எடை கொஞ்சம் கூடும், கூடட்டும். சரிகை போன்ற நெருக்கமான கோடுகள் உள்ள இடத்தில் இன்னொரு பிழையும் வரும். மென்பொருள் பிக்சல்களைக் கலக்காமல் இடையிடையே உருவி எறிந்து சிறிதாக்கினால், அங்கே இல்லாத அலைக்கோடுகள் தோன்றும். சிறிதாக்கும் முறைகளில் லாங்சோஸ் என்ற பெயர் தெரிந்தால் அதைத் தெரிவுசெய்யுங்கள். இல்லாவிட்டால், நல்ல தரத்துக்கான முறை என்று எது குறிக்கப்பட்டிருக்கிறதோ அதையே எடுங்கள். சிறிதாக்கிய பின் மிக மெல்லிய கூர்மையூட்டல் ஒன்று சேர்த்தால் கண்களும் நகைகளும் துலங்கும், அளவு மீறினால் தலைமயிர் கம்பியாகிவிடும்.

"தரம் குறையாமல்" என்று நீங்கள் கேட்டதற்கான நேர்மையான பதில், குறையும் என்பதுதான். ஜேபெக் கோப்பை ஒவ்வொரு முறை திறந்து திருத்திச் சேமிக்கும்போதும் கழித்தல் மறுபடியும் நடக்கிறது. வெறுமனே திறந்து பார்ப்பதாலோ பிரதி எடுப்பதாலோ ஒன்றும் குறையாது, சேமித்தால்தான் குறையும். ஆகவே வெட்டுவது, வெளிச்சம் திருத்துவது, சிறிதாக்குவது, கோயில் பெயர் பொறிப்பது எல்லாவற்றையும் மூலப் படத்திலிருந்து தொடங்கி ஒரே சேமிப்பில் முடிக்க வேண்டும். நேற்றுச் சிறிதாக்கியதை இன்று திறந்து பெயர் பொறித்து, நாளை அதையே வெட்டிச் சேமிப்பது பிழையான வழி. நீங்கள் ஏற்கெனவே செய்து முடித்த 90 படங்களையும் மூலத்திலிருந்து மறுபடி செய்வதே நல்லது. மொத்தமாகச் செய்யும்போது அவை சில நிமிட வேலைதான்.

கோப்பு வகை பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. எல்லோருடைய கைத்தொலைபேசியிலும், பழையதிலும் புதியதிலும், திறப்பது ஜேபெக்தான், அதையே வைத்துக்கொள்ளுங்கள். பிஎன்ஜி எதையும் கழிக்காது என்பது உண்மை, ஆனால் கமராப் படத்தைப் பிஎன்ஜி ஆக்கினால் எடை பல மடங்கு ஏறும். அது அழைப்பிதழ், அறிவித்தல், எழுத்துகள் நிறைந்த திரைப்பிடிப்பு போன்றவற்றுக்கு உரியது. கூகுள் 2010 இல் அறிமுகப்படுத்திய வெப்பி இன்னும் இலேசானது, இணையத்தளம் நடத்துபவர்களுக்கு நல்லது. ஆனால் ஊரில் ஒரு அம்மாவின் தொலைபேசிக்கு அனுப்பும் படத்துக்கு நான் அதைத் தெரிவுசெய்ய மாட்டேன். ஐபோன் படங்கள் திறக்காததற்குக் காரணம், 2017 இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் அந்தத் தொலைபேசிகள் எச்இஐசி என்ற வகையில் படங்களைச் சேமிக்கின்றன. கோப்பு பழுதாகவில்லை, உங்கள் கணினியில் அதை வாசிக்கும் பகுதி இல்லை, அவ்வளவுதான். கோப்பின் வால்பெயரை மட்டும் ஜேபிஜி என்று மாற்றி எழுதுவதால் வகை மாறாது, மாற்றும் மென்பொருளால்தான் மாற்ற வேண்டும். அடுத்த திருவிழாவுக்கு முன், ஐபோன் அமைப்புகளில் கமரா என்பதற்குள் ஃபோமட்ஸ் என்ற இடத்தில் "மோஸ்ட் கொம்பாட்டிபிள்" என்பதைத் தெரிவுசெய்யச் சொன்னால், தொலைபேசியே ஜேபெக்காக எடுத்துத் தரும்.

இனி மென்பொருள். உங்கள் நிலைக்கு எக்ஸ்என்கன்வேர்ட் மிகப் பொருத்தம். தனிப்பட்ட பாவனைக்கு இலவசம், எச்இஐசி உட்பட ஏராளமான வகைகளை வாசிக்கும், செய்யவேண்டிய வேலைகளை வரிசையாக அடுக்கி ஒரே முறையில் ஓடவிடலாம். பழைய, வேகம் குறைந்த கணினியானால் இர்ஃபான்வியூ. 1996 முதல் இருந்து வரும் மிக இலேசான மென்பொருள் அது, அதுவும் வணிகமற்ற பாவனைக்கு இலவசம். அதைத் திறந்து பி என்ற விசையை அழுத்தினால் மொத்தமாக மாற்றும் சாளரம் வரும். நான் கடையில் இதற்கு முறையாகப் பணம் கட்டிப் பாவிக்கிறேன். இரண்டிலும் நீங்கள் பார்க்க வேண்டியவை ஒன்றுதான்: நீள்பக்கம் 2048, அகல உயர விகிதம் மாறாமை, 2048 ஐவிடச் சிறிய படங்களைப் பெருப்பிக்காமை, தரம் 85, போய்ச் சேரும் கோப்புறை வேறாக இருத்தல். அகலத்தை மட்டும் கொடுக்காமல் நீள்பக்கம் என்று கொடுப்பது முக்கியம், இல்லாவிட்டால் நிமிர்த்தி எடுத்த படங்கள் படுக்கை வாட்டுப் படங்களைவிட மிகப் பெரிதாக வரும். மைக்ரோசொஃப்ட்டின் இலவசப் பவர்டோய்ஸ் தொகுப்பில், படங்களைத் தெரிந்து வலப்பக்கம் சொடுக்கிச் சிறிதாக்கும் வசதி இருக்கிறது, அவசரத்துக்கு நல்லது. கட்டளை தட்டத் தெரிந்தவர்கள் இமேஜ்மேஜிக்கை விரும்புவார்கள். ஆனால் அதிலுள்ள மொக்ரிஃபை என்ற கட்டளை, வேறு கோப்புறையைக் குறிப்பிடாவிட்டால், மூலப் படத்தின்மேலேயே எழுதிவிடும். முதன்முறை செய்பவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இணையத்தில் ஏற்றிச் சிறிதாக்கித் தரும் தளங்கள் உங்களுக்கு உதவா. சிறிதாக்குவதற்கே 9.6 கிகாபைட்டையும் முதலில் ஏற்ற வேண்டியிருக்கும், ஊர்ப் பிள்ளைகளின் படங்களை எவரோ ஒருவரின் கணினியில் வைப்பதும் சரியல்ல.

எதை ஓடவிட முன்னும் கோப்புறைகளை ஒழுங்குபடுத்துங்கள். மூலம் என்று ஒன்று, அதற்குள் கமரா ஒன்று, கமரா இரண்டு, ஐபோன் என்று மூன்று. அனுப்ப என்று வேறொன்று. கமராக்கள் படங்களுக்கு நான்கு இலக்க எண்தான் இடுகின்றன, 9999 முடிந்தால் மறுபடி தொடக்கத்துக்கு வரும். ஒரே நிறுவனத்தின் இரண்டு கமராக்கள் ஒரே பெயரில் இரண்டு படங்களைத் தந்திருக்கலாம். இரண்டையும் ஒரே கோப்புறைக்குள் சிறிதாக்கி அனுப்பினால் பின்னையது முன்னையதை அழித்துக்கொண்டு உட்காரும். 1200 படங்கள் போட்டு 1130 வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். படம் எடுத்த நாளையும் நேரத்தையும் பெயராக்கி, பின்னால் கமராவைக் குறிக்கும் ஓர் எழுத்தைச் சேர்க்கும் வசதி இந்த மென்பொருட்களில் உண்டு. அப்படிச் செய்தால் பூசை, தேர், தீர்த்தம் என்று நடந்த ஒழுங்கிலேயே எல்லாக் கமராப் படங்களும் கலந்து நிற்கும். கமராக்களின் மணிக்கூடுகள் ஒன்றோடொன்று பொருந்தியிருந்தால்தான் இது சரிவரும். கனடாவில் நேரம் வைத்த கமராவானால் அந்த வித்தியாசத்தை முதலில் கழியுங்கள். எல்லாம் முடிந்ததும் இரண்டு பக்கத்திலும் படங்களின் எண்ணிக்கை ஒன்றா என்று எண்ணிப் பாருங்கள்.

படுத்துக் கிடக்கும் படங்களுக்கான காரணம் எளியது. கமராவை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும் உள்ளே பிக்சல்கள் படுக்கை வாட்டில்தான் எழுதப்படுகின்றன. "பார்க்கும்போது திருப்பிக் காட்டு" என்ற குறிப்பு மட்டும் எக்சிஃப் எனப்படும் விவரப் பகுதியில் கூடவே பதியப்படுகிறது. அந்தக் குறிப்பை மதிக்கும் செயலி நிமிர்த்திக் காட்டும், மதிக்காதது படுக்கவைத்துக் காட்டும். நீங்கள் முன்னர் பாவித்த மென்பொருள் அந்தக் குறிப்பை எறிந்திருக்கும். மொத்தமாக மாற்றும்போது, குறிப்பின்படி பிக்சல்களையே திருப்பிவிடும் தெரிவை வேலை வரிசையில் முதலாவதாக வையுங்கள்.

சிறிதாக்கியபின் நிறம் மங்கிப்போகிறது என்று பலர் சொல்லும் முறைப்பாடும் இதே விவரப் பகுதியோடு தொடர்புடையது. உங்கள் கமராக்களில் ஒன்றின் படங்களுக்குப் பெயரின் முதல் எழுத்தாக அடிக்கோடு நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அந்தக் கமரா அடோபி ஆர்ஜிபி என்ற அகன்ற நிறவெளியில், அதாவது கூடுதலான நிறங்களைப் பதியும் வரம்பில், அமைக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். அது அச்சுக்காரருக்கு உதவும், சில கைத்தொலைபேசிகளிலும் செயலிகளிலும் பட்டுச்சேலையைச் சாயம் போனதுபோலக் காட்டும். மாற்றும்போது, திரைகளுக்குப் பொதுவான நிறவெளியான எஸ்ஆர்ஜிபிக்கு மாற்று என்ற வேலையையும் வரிசையில் சேர்த்துவிடுங்கள். மாற்றாமல் நிற விவரத்தை மட்டும் நீக்கினால் மங்கல் நிரந்தரமாகிவிடும்.

அந்த விவரப் பகுதியில் படம் எடுத்த இடத்தின் அகலாங்கு நெட்டாங்கும் இருக்கலாம், குறிப்பாகத் தொலைபேசிப் படங்களில். கோயில் வீதிக்கு அது கேடில்லை. வீட்டு முற்றத்தில் எடுத்த பிள்ளைகளின் படத்தில் வீட்டின் இருப்பிடமே பதிந்திருக்கும் என்பதை யோசியுங்கள். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அது நீங்கிவிடும், டொக்கியுமென்ட்டாக அனுப்பும்போது அப்படியே போகும். அனுப்பும் பிரதியில் இட விவரத்தை நீக்குங்கள், படம் எடுத்த திகதியை மட்டும் விட்டுவையுங்கள். பத்து வருடம் கழித்து ஒரு முகத்தைப் பார்த்து "இது எந்த வருடத் திருவிழா" என்று கேட்பவருக்கு அந்தத் திகதியைத் தவிர வேறு சாட்சி இராது.

1200 ஐயும் ஓடவிடமுன் 10 படங்களை மட்டும் தெரிந்து ஓட்டிப் பாருங்கள். நல்ல வெளிச்சத்தில் எடுத்த அழகான படங்களைத் தெரிய வேண்டாம். தீப்பந்த வெளிச்சத்தில் எடுத்தது, சிவப்புப் பட்டு, பெயர்ப் பலகை, பெருங்கூட்டம், நிமிர்ந்த படம், ஐபோன் படம் என்று கடினமானவற்றைத் தெரியுங்கள். அவற்றை உங்கள் தொலைபேசிக்கு அனுப்பி, அதில் பாருங்கள். சரியென்றால் மிச்சத்தை இரவில் ஓடவிட்டுப் படுக்கலாம். மின்சாரம் நின்றாலும் பிரதிகள் வேறு கோப்புறையில் இருப்பதால் மூலத்துக்கு ஒன்றும் ஆகாது, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அனுப்பும்போது சிலர் ஜேபெக் படங்களைச் சிப் கோப்பாகக் கட்டினால் எடை குறையும் என்று நினைக்கிறார்கள். குறையாது, ஏற்கெனவே நெருக்கியதை மறுபடி நெருக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை. ஒரே கட்டாக அனுப்ப மட்டும் அது உதவும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் கேள்வியின் முடிவில் "சிறிதாக்கி ஏற்றியதும் மெமரி கார்ட்டை அழித்துவிடலாம்தானே" என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். அதைக் கேள்வியாக எழுதவில்லை, ஆனால் இந்த நீண்ட பதிலை நான் எழுதத் தொடங்கியதே அந்த வரியால்தான். சில காலத்துக்கு முன் ஒரு தாய் தன் மகனின் 31ஆம் நாளுக்குப் பெரிய படம் செய்ய வந்தார். கையில் இருந்தது வட்ஸ்அப்பில் வந்த ஒரு குடும்பப் படம். அதில் அந்தப் பிள்ளையின் முகம் 110 பிக்சல் அகலம். மூலப் படம் 6000 பிக்சலில் இருந்திருந்தால் அதே முகம் 412 பிக்சல் வந்திருக்கும். சட்டத்துக்குள் முகம் 3 அங்குலம் வரவேண்டுமானால், முன்னையதில் அங்குலத்துக்கு 37 பிக்சல்தான் கிடைக்கும், பின்னையதில் 137 கிடைத்திருக்கும். படம் எடுத்தவர் கார்ட்டை அழித்துவிட்டார். முகத்தைத் துலக்கித் தரும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ஒன்றில் போட்டுப் பார்த்தேன். கண்ணிமையும் பல்லும் தெளிவாக, அழகாக வந்தன. தாய் திரையைப் பார்த்துவிட்டு, "இது ஆரோ பிள்ளை. என்ர பிள்ளை இல்லை" என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. இல்லாத பிக்சலை எந்த மென்பொருளும் மீட்பதில்லை, வேறு முகங்களிலிருந்து கற்றதை வைத்து ஊகித்து நிரப்புகிறது. மங்கலான பழைய படத்தையே சிறிய சட்டத்தில் அச்சிட்டுக் கொடுத்தேன்.

வன்னியில் படம் தொலைப்பது என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2009 இல் இடம்பெயர்ந்தபோது என் நெகட்டிவ்கள் முழுவதும் போயின. ஒவ்வொரு வீட்டிலும் அல்பங்கள் போயின. இன்று அந்தக் காலத்துப் படம் என்று என் கடைக்கு வருபவற்றில் அநேகமானவை, யாரோ ஒருவர் முன்னரே தபாலில் இலண்டனுக்கோ பாரிசுக்கோ அனுப்பிவைத்து, அங்கிருந்து திரும்பி வந்த பிரதிகள்தான். ஆகவே கார்ட்டை இப்போது அழிக்க வேண்டாம். மூலக் கோப்புறையை முழுதாக உங்கள் கணினியில் ஒன்றும், வெளி வன்தட்டு ஒன்றில் ஒன்றுமாக வைத்து, இரண்டிலும் சில படங்களைத் திறந்து சரிபார்த்த பிறகு அழியுங்கள். அந்த வன்தட்டு உங்கள் வீட்டில் அல்லாமல் வேறொரு வீட்டில் இருக்கட்டும். கூகுளில் இலவசமாகக் கிடைக்கும் 15 கிகாபைட்டுக்குள் இது அடங்கும் என்றாலும், அந்த இடம் உங்கள் மின்னஞ்சலுக்கும் பொதுவானது. மேலும் ஸ்ரோரேஜ் சேவர் என்ற தெரிவில் ஏற்றினால் படங்கள் 16 மெகாபிக்சலுக்குச் சிறிதாகிவிடும், மூல அளவில் ஏற்று என்று தெரிவுசெய்ய வேண்டும். இதைவிட இலகுவான வழியொன்று உங்கள் கையிலேயே இருக்கிறது. 9.6 கிகாபைட் ஒரு 16 கிகாபைட் பென்ட்ரைவுக்குள் அடங்கும். உங்கள் உறவினர் கனடாவுக்குத் திரும்ப முன், சிறிதாக்காத மூலப் படங்கள் முழுவதையும் அதில் போட்டு அவருடைய கையில் கொடுத்துவிடுங்கள்.